ஒரே ஜன்னல், ஒரே வரிசை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)



கடந்த டிசம்பர் 1-ஆம் நாள், உலக எய்ட்ஸ் தினத்தன்று, நமது கல்லூரி செஞ்சுருள் சங்கத்தின் சார்பில் நாம் ஊர்வலம் சென்றோமே, நினைவிருக்கிறதா? நானும் சென்றேன். என் கையிலும் ஓர் அட்டை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊர்வல முடிவில் கொடுத்த தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும் உண்மையிலிருந்து தொடங்குவதே நல்லது.

அன்று மாலை சட்டையில் குத்திய சிவப்பு நாடாவைக் கழற்றாமலே பேருந்து ஏறி ஆலங்குளம் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். உறவு முறையையும் வேறு சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் எனக்கு அத்தை முறைதான். எழுதுவதற்கு அவரிடம் அனுமதியும் பெற்றுக்கொண்டேன்.

"இது என்னய்யா, சட்டையில செவப்பா குத்தியிருக்க?" என்று கேட்டார்.

"எய்ட்ஸ் தினம் அத்தை. ஊர்வலம் போனோம்" என்றேன்.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ சயின்ஸ் படிக்கிற பிள்ள. ஒன்னு கேக்கேன், சொல்லு. அந்த மாத்திரை நம்ம ஊரு ஆசுபத்திரிக்கே வருமாய்யா? வந்தா, வாங்குறது யாருன்னு ஊருக்குத் தெரியாமக் குடுப்பாகளா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு வந்தாலும், வங்கித் தாள் வந்தாலும், தெருவில் உள்ளவர்கள் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எதையாவது படித்துச் சொல்லிவிடுவேன். அத்தையின் இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலைத் தேடிப் படித்து, விசாரித்து எழுதியதே இக்கட்டுரை.

அத்தையின் மாதக் கணக்கு

அத்தை தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார். வேலைக்குத் தக்க கூலி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் இருப்பதை அறிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. சர்க்கரை நோய்க்காரரிடம் அப்படி யாரும் கேட்பதில்லையே!

மாதம் ஒரு நாள் மருந்து வாங்கப் போகிறார். இரண்டு பேருந்து மாறிப் போகிறார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அதைவிட அருகில் மருந்து தரும் இடம் உண்டு. ஆனால் அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார். அந்த ஒரு காரணத்துக்காக அத்தை தூரத்து மருத்துவமனையைத் தேர்ந்துகொண்டார்.

தூரத்திலும் நிம்மதி இருந்ததா? ஒரு நாள் அங்கே கூட்டம் அதிகம். ஊழியர் ஒருவர் கதவருகில் நின்றுகொண்டு, "அந்த மாத்திரை வாங்குறவங்க எல்லாம் இந்தப் பக்கம் தனியா வாங்க" என்று உரக்கக் கூவினார். ஓ.பி. சீட்டுக்காக நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை 'அந்தப் பக்கம்' போகவில்லை; நேரே பேருந்து நிலையத்துக்கு நடந்து விட்டார். அடுத்த இரண்டு மாதங்கள் மருந்தே இல்லை. அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். கூவியவர் கெட்டவர் என்றும் நான் நினைக்கவில்லை. கூட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்று நினைத்தார், பிரித்தார். அவ்வளவுதான். அந்த ஒரு கூவலுக்கு இரண்டு மாத மருந்து விலையாகப் போயிற்று.

இரண்டு மாதம் என்றால் என்ன?

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்குவது என் கடமை. எச்.ஐ.வி. என்பது நம் உடலின் காவல் படையான வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்னும் வகையைத் தாக்கும் வைரஸ். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த அணுவின் உட்கருவிலேயே தன்னை எழுதி வைத்து விடுகிறது. இந்த வைரசை 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் கண்டறிந்த பிரான்சுவாஸ் பாரே-சினுசி, லூக் மான்டனியே ஆகிய இருவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கூட்டு மருந்து இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. ஆனால் அணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரசை அதனால் அழிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் உறங்கியது விழித்துக்கொள்ளும்; சில வாரங்களிலேயே இரத்தத்தில் மீண்டும் பெருகும். விட்டு விட்டு உண்டால் அந்த மருந்துக்கே அடங்காத புதிய வகைகளும் தோன்றக்கூடும். ஆகவே இந்த நோயில் 'மருந்து இருக்கிறதா?' என்பதோடு கேள்வி முடிவதில்லை. 'நாள்தோறும் தவறாமல், வாழ்நாள் முழுதும் கிடைக்கிறதா?' என்பதே முழுக் கேள்வி.

தமிழ்நாடு கண்ட வெற்றி

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஆறு பேரின் இரத்தத்தில் கிருமி இருப்பது தெரிய வந்தது. 'நம் நாட்டில் இது வராது' என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. நிர்மலா அப்போது மேற்படிப்பு மாணவி. மாணவப் பருவத்தில் செய்த ஆய்வு ஒரு நாட்டையே விழிக்க வைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் கொடியவை. தாம்பரத்தில் 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட சானடோரியம், 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளின் புகலிடமாயிற்று. மேல்நாட்டில் கூட்டு மருந்து வந்துவிட்டது. ஆனால் ஓர் ஆண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கும் மேல் ஆகும். 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்திய அரசு 8 மையங்களில் இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியது. அவற்றுள் தாம்பரமும் ஒன்று.

2011-இல் இன்னொரு செய்தி வந்தது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடத்திய ஆய்வு அது. சென்னையும் அதில் ஓர் இடம். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குக் கிருமி இருந்து, அவர் முன்கூட்டியே மருந்து உண்ணத் தொடங்கினால், மற்றவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால், உடலுறவின் மூலம் அது பிறருக்குப் பரவுவதில்லை என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த எவருக்கும், சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், உடனே மருந்து தர வேண்டும் என்பது நம் நாட்டின் கொள்கை. மருந்து இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது, மருந்தில்லாத நிலையில் 100-க்கு 15 முதல் 45 வரை. முறையான மருந்தால் அதை 5-க்கும் கீழே கொண்டுவர முடியும்.

ஆக, விஞ்ஞானம் தன் பங்கை ஏறக்குறையச் செய்துவிட்டது. பிறகு அத்தை ஏன் இரண்டு மாதம் மருந்தின்றி இருந்தார்?

சாத்தூர் சொன்ன பாடம்

இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அப்போது நான் பள்ளி மாணவன். எங்கள் வீட்டில் இரத்த தானம் என்ற சொல்லுக்கே பயந்தார்கள்.

அந்தச் செய்தியில் பலரும் மறந்துபோன பகுதி ஒன்று உண்டு. இரத்தம் கொடுத்த இளைஞர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2016-இல், ஒரு முறை இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தது. ஆனால் அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. பின்னர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் அவர் அறிந்துகொண்டார். அறிந்ததும் தாமாகவே வந்து மருத்துவமனையில் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. ஊரெல்லாம் பேசிய பேச்சுக்கு நடுவில், அந்த மாதம் முடிவதற்குள் அந்த இளைஞரின் உயிரும் போயிற்று.

எண்ணிப் பாருங்கள்! 2016-இல் சோதனை நடந்தது. கருவி சரியாகவே சொன்னது. இலவச மருந்தும் நாட்டில் இருந்தது. சோதனைத் தாளுக்கும் மனிதனுக்கும் இடையிலிருந்த சில மைல் தூரத்தை நடந்து கடக்க ஓர் ஆள் இல்லை. அந்த ஓர் ஆள் இருந்திருந்தால் ஓர் இளைஞர் இன்று மாத்திரை உண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஒரு தாய் இந்தத் துயரத்துக்கு ஆளாகியிருக்க மாட்டார்.

இதே நிகழ்ச்சியில் நம்பிக்கையும் இருக்கிறது. 2019 ஜனவரியில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் அந்தத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. முறையாகத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். பின்னர் நடந்த சோதனையில் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று தெரிந்தது. ஆள் வைத்துக் கவனித்த இடத்தில் மருந்து வென்றது. கவனிக்காத இடத்தில் தோற்றது.

ஊர் நிலையத்துக்கு என்ன வேண்டும்?

கிருமி இருக்கிறதா என்று அறிய 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. மருந்துக்குக் கூட்டு மருந்து சிகிச்சை மையமும், அதனுடன் இணைந்த சிறு மையங்களும் இருக்கின்றன. இனி நம் கவனம், மக்களுக்கு மிக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. 'அங்குள்ள ஒரு டாக்டர் காய்ச்சலைப் பார்ப்பாரா, பிரசவத்தைப் பார்ப்பாரா, இதையும் பார்ப்பாரா?' என்று கேட்பது நியாயமே. சிகிச்சையைத் தொடங்குவதும், சிக்கல் வந்தால் பார்ப்பதும் பெரிய மையத்தில் நடக்கட்டும். மருந்துக்கு உடல் பழகி, நன்றாக இருப்பவருக்குத் தொடர் மாத்திரை மட்டும் ஊர் நிலையத்தில் கிடைக்கட்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்றை அத்தையே சொன்னார். "ஊருக்குள்ள வந்தா ஊருக்குத் தெரிஞ்சு போகுமேய்யா!" மருந்து அருகில் வர வர, மானம் போகும் பயமும் அருகில் வருகிறது. இதைத் தீர்க்காமல் ஊர்தோறும் மருந்தைக் குவித்தாலும் வாங்க ஆள் வராது. எனவே நான்கு காரியங்கள் தேவை.

முதலாவது, ஒரே ஜன்னல், ஒரே வரிசை. எச்.ஐ.வி.க்குத் தனி நாள், தனி அறை, தனிப் பலகை என்று ஊர் நிலையத்தில் எதுவும் வேண்டாம். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கும் அதே வரிசையில் நின்று, அதே ஜன்னலில், அதே மாதிரிப் பையில் வாங்கிப் போகட்டும். வரிசையைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பொறுப்பாளர். சோதனை முடிவு வந்த நாள் முதல் அவர் முதல் மாத்திரையை விழுங்கும் நாள் வரை, 'இவர் என் பொறுப்பு' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் அதே கிருமியோடு வாழ்பவராக இருந்தால் இன்னும் நல்லது. சென்னையில் 1998-இல் கௌசல்யா அவர்கள் முன்நின்று தொடங்கிய 'பாசிட்டிவ் உமன் நெட்வொர்க்' போன்ற அமைப்புகள், தாங்களே கடந்து வந்த வழியைப் பிறருக்குக் காட்ட முடியும் என்று நிரூபித்திருக்கின்றன.

மூன்றாவது, மூன்று மாத மருந்து. உடல்நிலை சீராக இருப்பவருக்கு மாதம் ஒரு முறை என்பது வீண் அலைச்சல். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஒரே தடவையில் பல மாத மருந்தைக் கொடுத்தார்கள். நெருக்கடியில் முடிந்தது சாதாரண நாளில் எல்லா இடத்திலும் முடியாதா? அத்தைக்கு ஆண்டில் எட்டு நாள் கூலி மிஞ்சுமே!

நான்காவது, வாய்க்குக் காவல். டாக்டர், நர்ஸ் மட்டுமல்லாமல், சீட்டுப் போடுபவர், ஆயா, காவலாளி வரை அனைவருக்கும் பயிற்சி வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவரின் நிலையை அவருடைய ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது என்கிறது. வேலையிலும், படிப்பிலும், சிகிச்சையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சின்ன நிலையத்தில் 20 பேர் எங்கே இருக்கிறார்கள்? அத்தையைப் போன்றவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? அவ்வகைச் சிறு நிலையங்கள் பலவற்றுக்கும் சேர்த்து வட்டார அளவில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் இன்னார் என்பதை எல்லா நோயாளிகளும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

'இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்' என்று நினைக்கிறீர்களா? காசநோயின் கதையைக் கேளுங்கள். காசநோய் என்றால் வீட்டை விட்டுச் சானடோரியம் போக வேண்டும் என்றிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறையச் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய ஆய்வு அது.

அது எப்படி வென்றது? மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், வராதவரை விசாரித்தார்கள். இன்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. அந்தப் பணியாளர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தெரு சந்தேகப்படாது. விரும்பிக் கேட்பவருக்கு மட்டும், அந்தப் பையிலேயே இந்த மாத்திரையும் வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

நம் பங்கு என்ன?

நண்பர்களே! இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. யார் யாருடைய காயத்துக்கோ கட்டுத் துணி தரும் பகுதி நம் பகுதி. அருகில் இருப்பவர் காயத்தை மட்டும் பார்த்து நாம் ஏன் முகம் சுளிக்கிறோம்?

நம்மில் பலர் நாளை லேப் டெக்னீஷியனாக, மருந்தாளுநராக, கிராம நிர்வாக அலுவலராக, ஆசிரியராக ஆவோம். எந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் சிலருடைய இரகசியம் நம் கையில் வரும். அதை வீட்டுக்குக் கொண்டு போகாதிருப்பதும் ஒரு வைத்தியம்தான். அடுத்த டிசம்பர் 1-ஆம் நாள் ஊர்வலம் போவோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, செஞ்சுருள் சங்கத்தின் சார்பில் ஒரு மனு எழுதி, மேற்சொன்ன நான்கையும் மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் நேரில் கொடுப்போம். எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கையெழுத்துப் போட நீங்கள் வேண்டும்.

அத்தை இப்போது மீண்டும் மருந்து உண்கிறார். சென்ற வாரம் பார்த்தபோது, "என்னய்யா, படிச்சுப் பாத்தியா? பதில் கெடச்சுதா?" என்று கேட்டார்.

"ஊருக்கு வர்றதுக்கு வழி இருக்கு அத்தை. ஊருக்குத் தெரியாமக் குடுக்கவும் வழி இருக்கு. செய்ய வைக்கணும்" என்றேன்.

"அப்ப செய்ய வைங்க. அதுக்குத்தான படிக்க அனுப்பிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.